வகுப்பறை ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம்

எந்தப் பெரிய மருத்துவமனையிலும் ஒரு வார்டின் கேஸ் ஷீட்டுகளை வரிசையாகப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் நிமிடத்துக்கு 20 என்றே எழுதப்பட்டிருக்கும். நிமோனியாவில் இரைத்துக்கொண்டு கிடக்கும் முதியவருக்கும் 20, மறுநாள் வீட்டுக்குப் போகவிருக்கும் இளைஞருக்கும் 20. இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பல நாடுகளில் மருத்துவ ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டிவரும் விஷயம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது. சாதாரண வார்டில் மூச்சை எண்ணுவதற்கோ, கைக்கடிகாரத்தோடு ஒரு முழு நிமிடம் கட்டிலருகே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

உடல்நிலை சரியத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றில் மூச்சும் ஒன்று. பிரிட்டனில் 2012-இல் அறிமுகமான முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் உச்ச மதிப்பெண்ணான 3 விழும். மருத்துவரை உடனே அழை என்று அதற்கு அர்த்தம். இதெல்லாம் நம் செவிலிய மாணவிக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். முதலாண்டிலேயே படிக்கிறார், தேர்வில் எழுதுகிறார், பயிற்சிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கும் தோழியின் மூச்சை எண்ணிக் காட்டுகிறார். மூன்றாம் ஆண்டில் வார்டுக்கு வந்ததும் அவரும் 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்.

சோம்பல் என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. எண்ணிப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று கற்றுக்கொடுத்த ஆசிரியை வார்டில் இல்லை. வார்டை நடத்தும் சிஸ்டருக்கோ நாற்பது நோயாளிகள். மாணவிக்குப் பக்கத்தில் நிற்க அவருக்கு நேரமும் இல்லை, அது தன் வேலை என்று யாரும் அவருக்குச் சொன்னதும் இல்லை. கற்றுக்கொடுப்பவருக்கு வார்டில் அதிகாரமில்லை, வார்டில் அதிகாரம் உள்ளவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பில்லை. தமிழ்நாட்டில் செவிலியர் திறன் குறித்தும் தலைமை குறித்தும் நாம் பேசுகிற எல்லாச் சிக்கலும் இந்தப் பிளவில்தான் போய் முட்டுகிறது.

செவிலியரின் படிப்புக்கும் நோயாளியின் உயிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஐக்கன் குழுவினர் 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாள்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வை நம் ஊரில் மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பாதியை மட்டுமே சொல்கிறார்கள். பட்டம் முக்கியம், ஆகவே கல்லூரிகளைத் திறப்போம் என்கிறார்கள். முதல் பாதி ஆள் எண்ணிக்கையைப் பற்றியது. அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதனால் அது மறந்துபோகிறது.

இந்தியச் செவிலியர் குழுமத்தின் விதிமுறை, பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு பொது வார்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தால், இந்த விதி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது புரியும்.

இனி கல்லூரிகளுக்கு வருவோம். செவிலியர் பயிற்சியில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே பயிற்சி தொடங்கியது. செவிலியரையும் மகப்பேறு உதவியாளரையும் பதிவுசெய்வதற்கான சட்டத்தை மதராஸ் மாகாணம் 1926-இல் கொண்டுவந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் நாட்டிலேயே முதன்முதலாகச் செவிலியர் பட்டப்படிப்பு தந்த இரண்டு இடங்களில் ஒன்றாக வளர்ந்தது. டெல்லியில் அதே ஆண்டு தொடங்கியது மற்றொன்று. அந்தப் பள்ளி வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) நான் முக்கியமாகக் கருதுவது அதன் வயதை அல்ல, அங்கே வைத்திருக்கும் ஏற்பாட்டை. கல்லூரியில் பாடம் நடத்துபவருக்கே மருத்துவமனையில் நோயாளி பராமரிப்பின் பொறுப்பும் உண்டு. கல்வியும் சேவையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. காலையில் கட்டிலருகே நிற்பவர்தான் மதியம் வகுப்பில் நிற்கிறார். அதனால், “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், வார்டில் இப்படித்தான்” என்று ஒரு மாணவியிடம் யாரும் சொல்ல முடியாது. சொன்னால், அந்த வார்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரே ஆசிரியைதான்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவப் பேராசிரியர்தான் யூனிட் தலைவர். ரவுண்ட்ஸ் போகிறார், மாணவர்கள் பின்னால் வருகிறார்கள், கட்டிலருகிலேயே கேள்வி கேட்கிறார், பிறகு வகுப்பு. நோயாளியையே பார்க்காத ஒருவர் மருத்துவம் கற்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். செவிலியத்தில் மட்டும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

பிற இடங்களில் நடப்பதைப் பாருங்கள். போஸ்டிங் நாளில் செவிலியப் போதகர் பதினைந்து, இருபது மாணவிகளோடு வார்டுக்குள் வருகிறார். அந்த வார்டில் அவருக்கு ஒரு மேசை கிடையாது, ஒரு சாவி கிடையாது, ஒரு நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தில் சொல்வதற்கு ஒரு சொல் கிடையாது. வார்டு சிஸ்டருக்கு அந்த மாணவிகள் கூடுதல் கைகள். இரண்டு பேர் படுக்கை விரிக்கிறார்கள், நான்கு பேர் வரிசையாக பி.பி. பார்க்கிறார்கள், ஒருவர் ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார், ஒருவர் எக்ஸ்ரேக்கு வீல் சேர் தள்ளுகிறார். பன்னிரண்டு மணிக்குப் போதகர் லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிறார். மாணவி செய்து காட்டினாரா, எப்படிச் செய்தார், எங்கே தடுமாறினார் என்பதற்கெல்லாம் அந்தக் கையெழுத்தில் இடமில்லை. பிரசவ கேஸ் புக்கின் கதை இன்னும் வேதனை. குறித்த எண்ணிக்கையில் பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரே பிரசவத்தைச் சுற்றிலும் நின்று பார்த்த ஆறு பேரும் தாம் பார்த்ததாக எழுதிக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த ஆறு பேரில் ஒருவர் இரண்டு வருடம் கழித்து ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் தனியாக நிற்பார்.

சொந்தமாக மருத்துவமனையே இல்லாத, அல்லது பெயருக்கு நூறு படுக்கை காட்டும் கல்லூரிகளின் நிலை பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆய்வு நாளில் மட்டும் கட்டிலில் ஆள் படுத்திருப்பார், பேராசிரியர் பட்டியலில் உள்ளவர்கள் வந்து நிற்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் இது உச்சத்துக்குப் போய், உயர் நீதிமன்றம் செவிலியர் கல்லூரிகளைப் பரிசோதிக்கச் சொல்லி சிபிஐயிடம் ஒப்படைத்தது. அந்தச் சோதனையில் ஈடுபட்ட சிபிஐ அதிகாரியே 2024-இல் லஞ்சப் புகாரில் கைதானார். கல்லூரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது சுலபம். 2023 மத்திய பட்ஜெட்டில் 157 புதிய செவிலியர் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன. அவை 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே அமையும் என்பது அந்த அறிவிப்பின் நல்ல அம்சம். மருத்துவமனை அருகில் இருந்தால் மட்டும் போதுமா? சுவருக்கு இந்தப் பக்கம் கல்லூரி, அந்தப் பக்கம் வார்டு என்று இருந்தால் பழைய கதைதான்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பி.எஸ்சி. நர்சிங் இப்போது எட்டு செமஸ்டர், கிரெடிட் முறை. திறன் ஆய்வகம், பொம்மை நோயாளி, நிலையங்கள் அமைத்துச் செய்முறைத் தேர்வு என்று உலகத்தரமான சொற்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் முன்வைத்த அந்த நிலையத் தேர்வு முறையை நம் பெண்கள் முழு அளவில் சந்திப்பது எப்போது தெரியுமா? பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும்போது. அங்கே பதிவுபெற, கணினித் தேர்வுக்குப் பிறகு பத்து நிலையங்களில் செய்து காட்ட வேண்டும். கை கழுவுவதில் தொடங்கி, மருந்து கொடுக்கும்முன் கட்டிலில் இருப்பவர் யார் என்று உறுதிசெய்வதுவரை ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்து மதிப்பிடுகிறார். லண்டன் நோயாளிக்காக இவ்வளவு கறாராகச் சோதிக்கப்படும் அதே செவிலியர், விழுப்புரம் நோயாளிக்காக அப்படிச் சோதிக்கப்பட்டதில்லை.

பொம்மையில் பழகுவது தேவைதான், ஆனால் அது தொடக்கம். அமெரிக்கச் செவிலிய அறிஞர் பாட்ரீசியா பென்னர் 1984-இல் எழுதிய நூலில், புதிதாக வருபவர் நிபுணராவதற்கு ஐந்து படிகள் சொன்னார். மூன்றாவது படியான தேர்ச்சி நிலைக்கு வர, ஒரே விதமான நோயாளிகளிடையே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. நாம் பட்டம் வாங்கிய மறுமாதமே ஒரு பெண்ணைத் தனியாக நைட் டியூட்டியில் நிறுத்திவிட்டு, தப்பு நடந்தால் “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை” என்கிறோம்.

திறனும் தலைமையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சான்றைச் சொல்ல வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வு 2023-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொன்ன இடங்களில், அதிக ரத்தப்போக்கில் ஏறக்குறைய பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. அளவுக் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்த இடங்களில் 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், டிரிப், காரணத்தைத் தேடிப் பரிசோதிப்பது எல்லாம் அடுத்தடுத்துக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்யப்பட்டன. கடுமையான ரத்தப்போக்கும் அதையொட்டிய அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

விரிப்பு விலை உயர்ந்த பொருள் அல்ல. அந்த மருத்துவமனைகளில் கூடவே செய்யப்பட்ட இன்னொரு ஏற்பாடுதான் நமக்குப் பாடம். ஒவ்வொரு பிரசவ வார்டிலும் ஒருவர் பொறுப்பாளராக நிறுத்தப்பட்டார். மருந்துத் தள்ளுவண்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதும், நடந்ததை மாதந்தோறும் கணக்கெடுத்துச் சக ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்வதும், புதியவர்களுக்கு அங்கேயே கற்றுக்கொடுப்பதும் அவர் பொறுப்பு. செவிலியத் தலைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

நம் வார்டு இன்-சார்ஜ் சிஸ்டரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ‘ஓவர்’ எடுக்கிறார், அதாவது இரவுப் பணியில் இருந்தவரிடமிருந்து நோயாளிகளின் நிலையைக் கேட்டுப் பொறுப்பேற்கிறார். பிறகு மருந்து இன்டெண்ட், டயட் ஷீட், சென்சஸ், லினன் கணக்கு, உடைந்த சக்கர நாற்காலிக்கு ஒரு கடிதம், காணாமல்போன கத்தரிக்கோலுக்கு ஒரு விளக்கம், ஸ்டாக் ரிஜிஸ்டர், ரவுண்ட்ஸ், காப்பீட்டுத் திட்டக் கோப்பு. இருபது வருட அனுபவம் கைவிரல்களில் இருக்கும் ஒருவர் பேனா பிடித்தே ஓய்வுபெறுகிறார். இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் கவனிப்பின்றி நோயாளிகள் பட்ட துயரத்தை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ், 2013 அறிக்கையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: வார்டு மேலாளரை அலுவலக அறைக்குள் அடைக்காதீர்கள், டியூட்டி எண்ணிக்கையிலும் சேர்க்காதீர்கள், அவர் நடந்து, பார்த்து, கற்றுக்கொடுத்து, மேற்பார்வையிட வேண்டும். ஒரு எழுத்தரைப் போட்டால் தீர்கிற விஷயம் இது. ஒரு எழுத்தரின் சம்பளத்தை மிச்சம்பிடித்து, ஒரு மூத்த செவிலியரின் அறிவை வீணாக்குகிறோம்.

செவிலியர் கண்காணிப்பாளர் பதவிக்குப் பணிமூப்பு மட்டுமே வழி. பணிமூப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த இடத்துக்கு வருமுன் ஆள் பங்கீடு, தொற்றுக் கட்டுப்பாட்டுக் கணக்கு, தவறு நடந்தால் பழிபோடாமல் விசாரிப்பது, வரவு செலவு, மருத்துவர்களோடு சமமாக உட்கார்ந்து வாதிடுவது ஆகியவற்றில் அவருக்கு ஒரு பயிற்சியும் தராமல், ஆணை வந்த நாளில் நாற்காலியில் உட்கார வைப்பதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

தலைமை மேல்நாற்காலியில் மட்டும் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரைக் கூப்பிடும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடமும் இருக்கிறது. “சார், அந்தப் பேஷன்ட் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்காங்க” என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், மறுமுனையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் “காலையில பாக்கலாம்” என்பார். “சார், பதினாலாம் பெட், நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர். மூச்சு 28, பி.பி. 90க்கு 60, நாலு மணி நேரத்துல யூரின் அறுபது மில்லிதான். நீங்க இப்பவே வந்து பாக்கணும்” என்று சொன்னால் அவர் எழுந்து வருவார். இந்த இரண்டாவது பேச்சைப் பழக்கிவிட முடியும். பழக்கிவிட, பகலில் ஒரு மூத்தவர் அவர் பக்கத்தில் நின்று, நான்கைந்து தடவை பேச வைத்துத் திருத்தியிருக்க வேண்டும். அதோடு, அப்படிக் கூப்பிட்டதற்காக மறுநாள் திட்டு வாங்கினால் தனக்காகப் பேச ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார் என்ற தைரியமும் அவருக்கு வேண்டும்.

பொறுப்பைக் கொடுத்தால் நம் செவிலியர்கள் என்ன செய்வார்கள் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை நியமித்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு 2000-களில் பரவலானது. மருத்துவர் இல்லாத இரவுகளில் தாயின் வலி, குழந்தையின் இதயத் துடிப்பு, எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற முடிவு எல்லாம் செவிலியர் கையில் இருந்தன. 2018-20 கணக்குப்படி நாட்டில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. இந்தச் சாதனைக்குக் காரணங்கள் பல, அதில் இந்தச் செவிலியர்களின் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட முடியாது.

அப்படிப்பட்டவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி 2015 முதல் சேர்ந்தவர்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு தொகுப்பூதியத்தில் வந்தார்கள். அந்த இரண்டு வருடம் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது; போராட்டம் நடத்தித்தான் தங்கள் குரலைக் கேட்கவைக்க முடிந்தது. கரோனா உச்சத்தில் கவச உடைக்குள் வியர்த்து நின்ற தற்காலிகச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. தனியாரில் நிலை இன்னும் மோசம். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2016-இல் மத்திய அரசின் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அந்தத் தொகையைக் கனவிலும் காணாதவர்கள் இன்றைக்கும் நம் ஊர் நர்சிங் ஹோம்களில் இருக்கிறார்கள். மூன்று வருடத்தில் கை பழகியதும் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார்கள். போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், அவர்கள் விட்டுச்செல்லும் வார்டில் எல்லோரும் ஒரு வருடத்துக்காரர்களாகவே இருந்தால், யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

இவை எதுவும் இப்போது கண்டுபிடித்தவை அல்ல. மத்திய அரசு 1987-இல் அமைத்த செவிலியம் பற்றிய உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் ஊர்ச் சமூக சேவகர் சரோஜினி வரதப்பன். வேலை நேரம், ஆள் பலம், தங்குமிடம், பதவி உயர்வு, மாநில அளவில் செவிலியருக்கென்று தனி நிர்வாக அமைப்பு என்று எல்லாவற்றையும் அந்தக் குழு பேசியது. 1947-ஆம் ஆண்டின் செவிலியர் குழுமச் சட்டத்தை மாற்றி 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கத் தனி வாரியம் அதில் இருக்கிறது. அந்த வாரியம் கட்டடத்தின் சதுர அடியையும் நூலகத்தின் புத்தக எண்ணிக்கையையும் அளந்துவிட்டுப் போனால் சட்டம் வந்து பயனில்லை. மாணவி மருந்து கொடுப்பதை, புண் கட்டுவதை, ஓவர் சொல்வதை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் வார்டிலேயே நின்று பார்க்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பவரிடமே வார்டுப் பொறுப்பையும் கொடுக்கும் வேலூர் ஏற்பாட்டை மற்ற இடங்களுக்கும் கொண்டுவரலாம் என்றால் எதிர்ப்பு வரும். போதகர்களுக்கு வேலை இரட்டிப்பாகும் என்பார்கள். பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியர் என்ற விதிப்படி உண்மையிலேயே ஆள் போட்டால் இரட்டிப்பாகாது. வார்டு சிஸ்டர்கள் தங்கள் இடத்தில் இன்னொருவரா என்று முகம் சுளிக்கலாம். அவர்களுக்கும் கல்லூரியில் ஆசிரியர் பதவியும் அதற்கான படியும் கொடுத்தால், போவது ஒருவழிப் பாதையாக இருக்காது. ஊதிய அட்டவணை, பதவிப் பெயர், யார் யாருக்கு ஆண்டறிக்கை எழுதுவது என்பதெல்லாம் சிக்கல்தான். உட்கார்ந்து பேசினால் அவிழ்க்கக்கூடிய சிக்கல்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தலா ஒரு மெடிக்கல் வார்டு, ஒரு பிரசவ வார்டு என நான்கு வார்டுகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் பொறுப்பைச் செவிலியர் கல்லூரி ஆசிரியைகளிடமும் அங்கேயே இருக்கும் சிஸ்டர்களிடமும் கூட்டாக ஒப்படைக்கலாம். விதிப்படியான ஆள் பலம், வார்டுக்கு ஒரு எழுத்தர், புதிதாகச் சேரும் ஒவ்வொரு செவிலியருக்கும் முதல் ஆறு மாதம் பக்கத்தில் நிற்கும் ஒரு மூத்தவர் ஆகியவற்றை அரசாணையிலேயே எழுதிவிடலாம். ஓராண்டு கழித்து அந்த நான்கு வார்டுகளிலும் படுக்கைப் புண் எத்தனை, மருந்துத் தவறு எத்தனை, உரிய நேரத்தில் மருத்துவரை அழைத்தது எத்தனை தடவை, வேலையை விட்டுப் போன செவிலியர் எத்தனை பேர் என்று எண்ணி, பக்கத்து வார்டுகளின் கணக்கோடு சேர்த்துச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.